காலேஜ் உதவித்தொகையும் மென்டார்களும்: நடத்துகிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, நாமக்கல், திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரியில் சேரவும், சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடாமல் இருக்கவும் சிலர் சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து ஆடி மாதம் முடியும் வரை எங்கள் போன்கள் ஓயாது. கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. தேர்வுக் குழுவில் இருப்பதால் பாதிக்கு மேல் என்னிடம்தான் வருகிறது, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன். முதலில் வருபவை பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை, பணம் தருகிறவர்களும் மென்டாராக, அதாவது ஒரு பிள்ளைக்குத் துணையாக நின்று வழிகாட்டுகிறவராக, வர நினைப்பவர்களும் கேட்டவை கடைசியில் இருக்கின்றன.

ஏனுங்க, இது கவர்மென்ட் திட்டமுங்களா? இல்ல கட்சிக்காரங்க நடத்தறதா?

இரண்டும் இல்லை. பதிவு செய்த தனியார் அறக்கட்டளை. நடத்துகிறவர்கள் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்கள், பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர், தறி வைத்திருக்கிறவர், ஒரு கால்நடை மருத்துவர், அப்புறம் எங்களிடம் உதவி வாங்கிப் படித்து இப்போது கோவையில் வேலையில் இருக்கிற சில பேர். கட்சி ஆட்களும் இருக்கலாம், எங்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. கூட்டத்துக்கு வரும்போது கரைவேட்டி வேண்டாம் என்பது மட்டும் ஆரம்பத்திலிருந்தே பேசி வைத்தது.

அப்ப ஜாதிச் சங்கமா?

இல்லை. இந்தக் கேள்வி வருவது நியாயம்தான், ஏனென்றால் நம் பக்கம் பழைய மாணவர் விடுதி, படிப்பு நிதி என்று பார்த்தால் பலவும் ஏதோ ஒரு சமூகத்தார் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்காக ஆரம்பித்ததாக இருக்கும். அவற்றால் எத்தனையோ பேர் படித்து மேலே வந்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சங்கம் வைக்கும் அளவுக்கு வசதியில்லாத சமூகத்துப் பிள்ளை எங்கே போகும்? எங்கள் விண்ணப்பத்தில் சாதி என்ற கட்டமே கிடையாது. அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உதவும்போது மட்டும் சாதிச் சான்றிதழைக் கேட்போம், அதைப் பார்ப்பது மென்டார், தேர்வுக் குழு அல்ல.

இதுல உங்களுக்கு என்ன கெடைக்குதுங்க? சும்மாவா செய்வீங்க?

சம்பளம் யாருக்கும் இல்லை, கணக்கு எழுதும் பகுதிநேர ஊழியர் ஒருவரைத் தவிர. பெட்ரோல் அவரவர் செலவு. வருடா வருடம் ஆடிட் உண்டு, அந்த அறிக்கையைக் கேட்டால் காட்டுவோம்.

என்ன கிடைக்கிறது என்றால், ஆளுக்கு ஒரு காரணம். சிலருக்கு ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் உட்கார முடிவதில்லை. சிலருக்குப் படிக்கும் காலத்தில் யாரோ கட்டணம் கட்டியிருப்பார்கள். ஊருக்குள் நாலு பேர் மதிக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்தான், அதை மறைப்பானேன். கோவையில் 1926-ல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை தொடங்கியபோது சகோதரர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்தார்கள் என்பது இங்கே பலருக்கும் தெரிந்த கதை. நாங்கள் அந்த அளவுக்கு எல்லாம் இல்லை, எங்களிடம் இருப்பது கொஞ்சம் பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும்.

யார் யாருக்குக் குடுப்பீங்க? மார்க் எவ்வளவு இருக்கோணும்?

பிளஸ் டூ முடித்து டிகிரியில் சேருகிறவர்கள், முதலாண்டு படித்துக்கொண்டிருப்பவர்கள். கலை அறிவியல், இன்ஜினியரிங், விவசாயம், நர்சிங் எதுவானாலும் சரி. மார்க்குக்குக் கீழ் எல்லை வைக்கவில்லை. விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுப் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போன பையன் எடுத்த 410-ஐயும், நாமக்கல் விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்தவர் எடுத்த 560-ஐயும் ஒரே தராசில் வைக்க மாட்டோம்.

வருமானச் சான்றிதழ் கேட்போம், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டோம். ஒரு காலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய், அதனாலோ என்னவோ டிராக்டர் நிற்கும் வீட்டுச் சான்றிதழிலும் அதே 72,000-ஐப் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் வீட்டுக்கு வருவது.

வீட்டுக்கு வந்தே ஆகோணுமுங்களா? அக்கம்பக்கத்துல என்னமோ ஏதோன்னு பேசுவாங்க.

வந்தே ஆக வேண்டும். இரண்டு பேர் வருவோம், அதில் ஒருவர் கட்டாயம் பெண். போட்டோ எடுக்க மாட்டோம், போர்டு வைத்த வண்டியில் வர மாட்டோம். யாராவது கேட்டால் "பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்திருக்காரு" என்று சொல்லிக்கொள்ளுங்கள், பாதி உண்மைதான். காபி போதும், பலகாரத்துக்குக் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.

நாங்கள் பார்ப்பது வீடு ஓடா தார்சா என்பதை அல்ல. குமாரபாளையத்தில் தறிக்குடோனை ஒட்டிய லைன் வீடு ஒன்றுக்குப் போனபோது, பேசுவது காதில் விழாமல் அந்த அம்மா எங்களைத் தெருமுனை வரை கூட்டிப்போய்த்தான் பேசினார். பையன் படிப்பது எங்கே என்றோம். கோயில் மண்டபத்தில், தெருவிளக்கு பக்கம். அப்பாவுக்குத் தறி முதலாளியிடம் பாக்கி, அதாவது வேலைக்குச் சேரும்போது வாங்கிய முன்பணம், கழியவே இல்லை. பையன் தறிக்கு வந்தால் சீக்கிரம் கழியும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பிரச்சினை காலேஜ் பீஸ் அல்ல, பாக்கி. இது எந்தச் சான்றிதழிலும் வராது. வாரம் எந்தக் கிழமை குழுக்கடன் டியூ, யார் சம்பளத்தில் அது போகிறது, படிக்கிற பிள்ளை சனி ஞாயிறு வேலைக்குப் போகிறதா, இவைதான் நாங்கள் கேட்பவை.

எம்.எல்.ஏ. கிட்ட லெட்டர் வாங்கிட்டு வந்தா ஆகுமுங்களா?

ஆகாது. எங்கள் குழுவில் இருப்பவரின் ஒறம்பரை (உறவுக்காரர்) பிள்ளை விண்ணப்பித்தால் அந்த விண்ணப்பம் பேசும் நேரம் அவர் வெளியே போய்விட வேண்டும், அவருக்கே அந்தக் கதி என்றால் லெட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கவர்மென்ட்ல மாசம் ஆயிரம் ரூபா வருதே, அதோட இதையும் வாங்கலாமா?

வாங்கலாம். சொல்லப்போனால் அரசு தருவதை வாங்கிய பிறகுதான் நாங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டிலும் மாதம் ஆயிரம். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் மாதிரித் தொழிற்படிப்பு கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங்கில் சேரும் தொழிற்படிப்புக்குக் கட்டணச் சலுகை, ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான், அண்ணன் அதை எடுத்துவிட்டால் தங்கைக்கு இல்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை தனியாக இருக்கிறது. டெக்னிக்கல் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) தரும் பிரகதி உதவித்தொகை, வருடம் 50,000 ரூபாய். அதைக் கேள்விப்பட்டே இருக்காத வீடுகள்தான் அதிகம்.

இதையெல்லாம் கழித்த பிறகு மிச்சமிருக்கும் பள்ளத்தைத்தான் நாங்கள் நிரப்புகிறோம்: மெஸ் பில், பஸ் செலவு, புத்தகம், தேர்வுக் கட்டணம், சில சமயம் செகண்ட் ஹேண்ட் லேப்டாப். அதனால் தொகை ஆளுக்கு ஆள் வேறுபடும். "அவளுக்கு மட்டும் ஏன் அதிகம்" என்று கேட்டால், அவளுக்கு அரசு தருவது குறைவு என்பதுதான் பெரும்பாலும் பதில்.

ஆயிரம் ரூபா எனக்கு மட்டும் வரவே மாட்டேங்குது, என்ன பண்றது?

பெரும்பாலும் வந்திருக்கும், வேறு கணக்குக்கு. அந்தப் பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும், நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. அந்தியூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் மாதக்கணக்கில் வரவில்லை என்று அழுதுகொண்டிருந்தார். பள்ளியில் ஒரு ஜீரோ பேலன்ஸ் கணக்கு, அப்புறம் குழுக்கடனுக்காக அம்மா வேறு பேங்கில் எடுத்துக் கொடுத்த கணக்கு, ஆதார் கடைசியாக ஒட்டியது அதில். மென்டார் அக்கா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கூடவே போய் என்ட்ரி போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு மாதமும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தது. முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் கல்லூரியில் உங்கள் யூமிஸ் எண்ணில் (கல்லூரி மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்) பெயர், ஆதார், பள்ளியின் எமிஸ் (பள்ளி மாணவர்களுக்கான அரசுப் பதிவு) விவரம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். இனிஷியல் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும்கூடத் தடங்கல் ஆகும்.

உங்க பணம் எங்க கைக்கே வருமா?

கல்லூரிக் கட்டணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகும். மாதச் செலவு மாணவரின் சொந்தக் கணக்குக்கு வரும், அப்பா கணக்குக்கோ மாமா கணக்குக்கோ அனுப்ப மாட்டோம். இதில் சில அப்பாமார்களுக்கு வருத்தம் உண்டு, இருக்கட்டும்.

மென்டார்னா டியூஷன் எடுக்கறவங்களா?

இல்லை. ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு பேர்: ஒருவர் அதே கல்லூரியிலோ அதே படிப்பிலோ மேல் வகுப்பில் இருப்பவர், இன்னொருவர் வேலையில் இருப்பவர். வாரம் ஒரு போன், மாதம் ஒரு சந்திப்பு. கேட்பது பெரிய விஷயமே அல்ல. மெஸ்ஸில் சாப்பிட்டாயா, இன்டர்னல் மார்க் வந்ததா, வருகை 75 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா, ஊருக்கு எப்போது போகிறாய். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் வரும் பயம் பாடம் புரியவில்லை என்பதைவிட, புரியவில்லை என்று இங்கிலீஷில் எழுந்து கேட்க முடியவில்லை என்பதுதான். அந்த நேரத்தில் "எனக்கும் மேத்ஸ் ஒன்ல அரியர்டா, அடுத்த செமஸ்டர்ல கிளியர் பண்ணேன்" என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னால் போதும், அதை எந்த உதவித்தொகையும் செய்யாது.

படிப்பை விடுகிற பிள்ளை திடீரென்று விடுவதில்லை. முதலில் திங்கட்கிழமை வகுப்புக்கு வராது, அப்புறம் போனை எடுக்காது, அப்புறம்தான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருப்பதாகச் செய்தி வரும். இரண்டாவது கட்டத்திலேயே வீட்டுக்குப் போய் நிற்பதுதான் மென்டார் வேலை. எங்கள் கூட்டங்களில் பணம் எவ்வளவு என்ற பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும், யார் போனை எடுக்கவில்லை என்ற பேச்சுதான் இரவு வரை இழுக்கும்.

எம்பட புள்ளைக்கு ஆம்பளை மென்டாரைப் போட்டுட்டா?

போட மாட்டோம். பெண்களுக்குப் பெண்கள்தான். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து விதிகள் சில உண்டு: சந்திப்பு கல்லூரியிலோ நூலகத்திலோ, நாலு பேர் நடமாடும் இடத்தில்தான். இரவு ஒன்பதுக்கு மேல் மென்டார் தானாகப் போன் செய்யக் கூடாது, மாணவர் அழைத்தால் எடுக்கலாம். தனிப்பட்ட கடன் கொடுக்கல் வாங்கல் கூடாது. மென்டார் மேல் புகார் என்றால் அதற்குத் தனியாக ஒரு அம்மா இருக்கிறார், அவர் தேர்வுக் குழுவிலும் இல்லை, மென்டார்களிலும் இல்லை, புகார் சொன்னதற்காக யாருடைய பணமும் நிற்காது.

ராகிங் என்றால் எங்களுக்குச் சொல்வதோடு யு.ஜி.சி. எண் 1800-180-5522-க்கும் சொல்லுங்கள். மனசு சரியில்லை, தூக்கமில்லை என்றால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். எங்கள் மென்டார்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, அப்படி நடிக்கவும் கூடாது என்பது பயிற்சியில் முதல் பாடம்.

அரியர் விழுந்தா நிறுத்திருவீங்களா?

ஒன்று இரண்டு அரியருக்கெல்லாம் இல்லை. காரணம் சொல்லாமல் வகுப்புக்குப் போகாதவருக்குத்தான் நிறுத்துவோம், அதுவும் மேலே சொன்ன மாதிரி வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகு. பொய்யான மார்க் ஷீட் காட்டினால் மட்டும் பேச்சே இல்லை.

நடுவுல கல்யாணம் கூடிருச்சுன்னா?

பெண்களின் வீட்டில் மூன்றாம் வருடம் தவறாமல் வரும் கேள்வி. நல்ல இடம், தோட்டம் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுகிறார்கள் என்பார்கள். கல்யாணமே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார். நாங்கள் சொல்வது இரண்டு: கல்யாணமானாலும் உதவித்தொகை நிற்காது, அதனால் நிச்சயத்திலேயே "படிப்பை முடிக்கட்டும்" என்று சபையில் பேசி வையுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு டீச்சர் இருக்கிறார், அவர் போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம் பேசினால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி. பெண்ணுக்கு விருப்பமில்லை என்று அவளே சொன்னால் பேச்சு வேறு மாதிரி இருக்கும், பதினெட்டு ஆகவில்லை என்றால் நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098 தான்.

படிச்சு முடிச்சதும் திருப்பிக் கட்டோணுமா? பாண்டு எழுதி வாங்குவீங்களா?

இல்லை, இல்லை. வேலைக்குப் போனதும் ஒரு பிள்ளைக்கு மென்டாராக இருங்கள் என்று கேட்போம். மாட்டேன் என்றாலும் சரிதான், சிலருக்குப் பழையதை நினைக்கவே பிடிக்காது.

மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்த்துட்டோம், பீஸ் கட்ட முடியலை. உதவுவீங்களா?

நன்கொடை கட்டிய சீட்டுக்கு எங்களிடம் பணம் இல்லை. சேருவதற்கு முன்னால் வந்திருந்தால் கவுன்சலிங்கில் கட்டணம் குறைவான அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி எது கிடைக்கும் என்று உட்கார்ந்து பார்த்திருக்கலாம். இப்போது வழி கல்விக் கடன்தான், அதற்கு எங்கள் பேங்க்காரரிடம் அனுப்புவோம். அவர் முதலில் சொல்வது இது: 4 லட்சம் வரை உங்கள் கைப்பணம் எதுவும் போட வேண்டியதில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். விண்ணப்பத்தைக் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் போடுங்கள், வாய்மொழியாக "இல்லை" என்று சொல்லி அனுப்பினால் கணக்கில் வராது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும், முடிந்தால் அந்த வட்டியை மட்டுமாவது அவ்வப்போது கட்டுங்கள். கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு அப்புறம் எங்களிடம் வருவதுதான் மிகவும் கஷ்டம், அதை மட்டும் செய்யாதீர்கள்.

நான் வருசம் ஒரு பையனுக்குக் கட்டறனுங்க. ஆனா எங்க ஆளுக பையனா இருக்கோணும்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்தவர், பெண் பிள்ளை, விவசாயம் படிப்பவர் என்று சொல்லித் தரலாம். சாதி சொல்லித் தர முடியாது, காரணம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, திரும்பி வந்தவர்களும் உண்டு.

வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது தருகிறோம், பழைய முறையில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அது உதவும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிச்சலுகை கிடையாது, அதனால் வங்கி வழியே அனுப்புங்கள். மேடை போட்டுப் பெரிய சைஸ் செக்கைப் பிள்ளை கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. நீங்கள் யாருக்குத் தந்தீர்கள் என்பதை அந்த மாணவர் சம்மதித்தால் மட்டும் சொல்வோம், வருட முடிவில் அவர் எழுதிய கடிதம் ஒன்று வரும்.

என்ற மகன் அமெரிக்காவுல இருக்கறான், அங்கிருந்தே அனுப்பச் சொல்லட்டுமா?

அவர் கையில் இருப்பது எந்தப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலையில் இருக்கிறார் என்றால், தன் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம், அதுவும் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கு வழியாக மட்டும். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. "அப்பா கணக்குக்கு அனுப்பிட்டு அவர் பேர்ல தர்றேன்" என்று குறுக்கு வழி சொல்வார்கள், வேண்டாம் என்றுவிடுவோம். அவர் பணத்துக்குப் பதில் நேரம் தரலாம்: அங்கே மாலை என்றால் இங்கே விடிகாலை, இன்டர்வியூ பயிற்சிக்கு அந்த நேரமே நிறையப் பிள்ளைகளுக்கு வசதி.

நான் பத்தாவதுதானுங்க. மென்டாரா வரலாமா?

வரலாம். திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அவருக்குச் செமஸ்டரும் தெரியாது, கிரெடிட்டும் தெரியாது, அதைச் சீனியர் மென்டார் பார்த்துக்கொள்வார். ஆனால் பையனின் அப்பா "படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான், மிஷின்ல உக்காரட்டும்" என்று சொல்லும் வீட்டுக்கு நாங்கள் அவரைத்தான் அனுப்புகிறோம். மிஷினில் உட்கார்ந்தால் எத்தனை வருடத்தில் முதுகு என்னவாகும், ஆர்டர் இல்லாத மாதம் சம்பளம் என்னவாகும் என்று அவர் சொன்னால் எதிர்ப் பேச்சு வராது.

வாரம் ஒரு போன் தவறாமல் செய்ய முடியுமா என்பது ஒன்றுதான் தகுதி. உற்சாகமாக ஆரம்பித்து மூன்றாம் மாதம் மறந்துவிடுகிறவரைவிட, வராமலே இருப்பவர் நல்லது, பிள்ளைகள் அந்த போனுக்குக் காத்திருப்பார்கள். சேர நினைப்பவர்கள் ஆதார் நகலும், உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பெயரும் கொண்டுவாருங்கள், அவர்களிடம் விசாரிப்போம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பிறகு பழைய மென்டார் ஒருவரோடு ஒரு வீட்டுக்குப் போய்வர வேண்டும். அங்கே பேச வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.